நான்கு சிலிண்டர்கள் ஓய்வெடுக்கட்டும்

டெக்சஸில் பிக்கப் ட்ரக் ஓட்டும் தமிழ் நண்பர்களுக்கு,



பேர்லாந்து மீனாட்சி கோயிலின் வாகன நிறுத்தத்தில் இப்போதெல்லாம் கேம்ரிக்கும் ஒடிசிக்கும் நடுவே பிக்கப் ட்ரக்குகளும் நிறையவே நிற்கின்றன. சில்வராடோ, ராம், எஃப்-150 எல்லாம் நம் வீட்டு வாசல்களுக்கு வந்துவிட்டன. வண்டி வாங்கிய சில நாட்களிலேயே யாராவது ஒருவர் அக்கறையோடு ஒரு யோசனை சொல்கிறார்: "மொதல்ல அந்த நாலு சிலிண்டர் கட் ஆகறத நிறுத்துங்க. இல்லன்னா லிஃப்டர் போயிடும், கைக்காசு ஆயிரக்கணக்குல போயிடும்." இதற்கென்றே ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி துளையில் செருகும் சிறு கருவி ஒன்று விற்கிறது. டிசேபிளர் என்கிறார்கள். செருகியதும் எஞ்சின் எப்போதும் எட்டு சிலிண்டரிலேயே ஓடும்.

ஹூஸ்டனில் வண்டி பழுதுபார்க்கும் பட்டறையில் பல வருடங்களாக வேலை செய்கிறவன் நான். இந்தக் கேள்வியோடு வருகிற நம்மவர்களிடம் தனித்தனியாகச் சொல்லிவந்ததை எல்லோருக்கும் பொதுவாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. என் வேண்டுகோள் இது: முழுச் சக்தி தேவைப்படாதபோது எட்டில் நான்கு சிலிண்டர்களை வண்டியே நிறுத்திவைக்கும் அந்த ஏற்பாட்டைப் பயத்தினால் மட்டும் நிறுத்தாதீர்கள். அது உண்மையிலேயே பெட்ரோலை மிச்சப்படுத்துகிறது. அது கெட்டுப்போவதற்கான காரணங்களில் நம் கையில் இருப்பவை சில உண்டு. அவற்றைக் கவனித்துக்கொண்டால் பயத்தின் பெரும்பகுதி போய்விடும்.

ஜெனரல் மோட்டார்ஸின் சில்வராடோவில் உள்ள 5.3 லிட்டர் வி8 எஞ்சின் 355 குதிரைத் திறன் தரக்கூடியது. பின்தொட்டியில் சரக்கில்லாமல், ஐ-10 நெடுஞ்சாலையில் சமதளத்தில் 65 மைல் வேகத்தில் போகும்போது அந்த வண்டிக்குத் தேவைப்படுவது கிட்டத்தட்ட 35 குதிரைத் திறன். பத்தில் ஒரு பங்கு. மீதித் திறன் பேசாமல் இருந்தால் பரவாயில்லை. பெட்ரோல் எஞ்சினில் அது பேசாமல் இருப்பதில்லை, செலவு வைக்கிறது.

காரணம் த்ராட்டில். பெட்ரோல் எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் குறிப்பிட்ட விகிதத்தில்தான் கலக்க வேண்டும். ஆகவே சக்தி குறைவாகப் போதும் என்றால் பெட்ரோலோடு காற்றையும் சேர்த்துக் குறைத்தாக வேண்டும். அதற்காகக் காற்று வரும் வழியில் உள்ள தகடு பாதிக்குமேல் மூடிக்கொள்கிறது. அந்த மூடிய வழியாகத்தான் எட்டு பிஸ்டன்களும் காற்றை இழுக்கின்றன. சிரிஞ்சின் நுனியை விரலால் அடைத்துக்கொண்டு பின்தண்டை இழுத்துப் பாருங்கள். கையில் தெரிகிற அந்த எதிர்ப்புத்தான் விஷயம். 1500 சுற்றில் ஓடும் எஞ்சினில் எட்டு சிலிண்டர்களும் சேர்ந்து நிமிடத்துக்கு 6000 முறை அந்த எதிர்ப்போடு மல்லுக்கட்டுகின்றன. அவ்வளவும் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பெட்ரோலில் நடக்கிறது. சக்கரத்துக்கு அதில் ஒன்றும் போய்ச்சேருவதில்லை.

இப்போது நான்கு சிலிண்டரை நிறுத்திவிடுவோம். வேலை முழுவதையும் மீதி நான்கு ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய இருமடங்கு காற்று வேண்டும், ஆகவே த்ராட்டில் அகலத் திறக்கிறது. இழுக்கும் சிரமம் குறைகிறது. சும்மா பெட்ரோலை மட்டும் நிறுத்தினால் போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. போதாது. வால்வுகள் திறந்து மூடிக்கொண்டே இருந்தால் காற்றை இழுக்கும் வேலையும் நடந்துகொண்டே இருக்கும். எரியாத காற்று புகைக்குழாய்க்குள் போய் ஆக்சிஜன் சென்சாரையும் கேட்டலிடிக் கன்வர்ட்டரையும் குழப்பிவிடும். அதனால் ஓய்வெடுக்கும் சிலிண்டரில் உள்வால்வு, வெளிவால்வு இரண்டுமே மூடிக்கிடக்கின்றன. உள்ளே அடைபட்ட வாயுவைப் பிஸ்டன் மேலேறும்போது அமுக்குகிறது. இறங்கும்போது அந்த வாயு பிஸ்டனைத் திருப்பித் தள்ளுகிறது. கொடுத்ததில் பெரும்பகுதி திரும்ப வந்துவிடுகிறது.

எந்த நான்கு என்பதிலும் கணக்கு இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸின் வி8 எஞ்சின் எரியும் வரிசை 1-8-7-2-6-5-4-3. அதில் ஒன்று விட்டு ஒன்றாக 1, 7, 6, 4 ஆகியவை நிற்கின்றன. ராமின் 5.7 லிட்டர் ஹெமியில் வரிசை வேறு. ஆனால் நிற்பவை அதே நான்கு எண்கள்தான். ஒன்று விட்டு ஒன்று நிற்பதால் மீதி எரிதல்கள் சீரான இடைவெளியில் வருகின்றன. இருந்தாலும் சத்தம் மாறும். 1500 சுற்றில் எட்டு சிலிண்டரும் எரியும்போது விநாடிக்கு 100 எரிதல், நான்கில் 50. அந்தத் தாழ்ந்த முழக்கத்தைக் கேட்டுவிட்டு எஞ்சின் திணறுகிறது என்று பலர் பயந்துவிடுகிறார்கள். திணறல் இல்லை, சுருதி இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். மிதியை அழுத்திய மறுகணம் எட்டும் திரும்பிவிடும். முழுச் சக்தி எங்கும் போய்விடுவதில்லை.

இதனால் எவ்வளவுதான் மிச்சம்? இதற்கு 2021-இல் ஒரு நேரடிப் பதில் கிடைத்தது. சிப் தட்டுப்பாடு கடுமையாக இருந்த அந்த வருட மார்ச் மாதம், 5.3 லிட்டர் எஞ்சின் உள்ள சில பிக்கப்களை இந்த ஏற்பாட்டுக்கான கட்டுப்பாட்டு மாட்யூல் இல்லாமலேயே கட்டப்போவதாக ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது. அதனால் மைலேஜ் கேலனுக்கு 1 மைல் குறையும் என்றும் சொன்னது. அதே வண்டி, அதே எஞ்சின், இது மட்டும் இல்லை. வித்தியாசம் 1 மைல். விளம்பரத்தை விட இந்த எண்ணைத்தான் நான் நம்புகிறேன். ஏனென்றால் இதைச் சொல்வதில் கம்பெனிக்கு லாபம் ஒன்றும் இல்லை.

1 மைல் என்பது சின்னதாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கேலனுக்கு 18 மைல் தரும் வண்டியில் வருடத்துக்கு 12,000 மைல் ஓடினால் 667 கேலன். 19 மைல் தந்தால் 632. மிச்சம் 35 கேலன். கேலன் 3 டாலர் என்றால் வருடத்துக்கு 105 டாலர். பணக்காரராக்கும் தொகை அல்ல என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஒரு கேலன் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 8.9 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. 35 கேலனுக்கு 300 கிலோவுக்கும் மேல். ஒரு லட்சம் ட்ரக்குகள் இதைச் செய்தால் வருடத்துக்கு 35 லட்சம் கேலன். ஓட்டும்போது நீங்கள் கூடுதலாக எதுவும் செய்ய வேண்டாம்; வண்டி தானாகவே செய்கிறது. அதைக் காசு கொடுத்துக் கருவி வாங்கி நிறுத்துவது எனக்கு மனம் ஒப்பாத காரியம்.

இனி பயத்துக்கு வருவோம். அந்தப் பயம் பொய்யல்ல. அதை நான் மூடிமறைத்தால் இந்தக் கடிதத்துக்கு மதிப்பில்லை.

லிஃப்டர் என்பது கட்டைவிரலைவிடச் சற்றுத் தடித்த எஃகு உருளை. அதன் அடியில் சிறு சக்கரம். கேம்ஷாஃப்டின் மேட்டின்மேல் அந்தச் சக்கரம் ஏறி இறங்கும்போது லிஃப்டர் மேலே போய்ப் புஷ்ராடைத் தள்ள, புஷ்ராடு ராக்கரைத் தள்ள, வால்வு திறக்கிறது. சாதாரண எஞ்சினில் லிஃப்டர் அப்படியே ஏறி இறங்கும், வேறு வேலை இல்லை. சிலிண்டர் ஓய்வெடுக்கும் எஞ்சினில் லிஃப்டருக்குள் இன்னொரு லிஃப்டர் இருக்கிறது. வெளிக்கூட்டையும் உட்தண்டையும் சிறு ஊசிகள் பூட்டிவைத்திருக்கின்றன. கம்ப்யூட்டர் உத்தரவிட்டதும் எஞ்சினின் மேற்பள்ளத்தில் உள்ள சோலனாய்டு திறந்து, ஆயில் அழுத்தம் பாய்ந்து, அந்த ஊசிகளை உள்ளே தள்ளுகிறது. பூட்டு விட்டுவிடுகிறது. இப்போது வெளிக்கூடு மேலே போகும், ஆனால் உள்ளே இருப்பது சறுக்கி அங்கேயே நிற்கும். வால்வு திறக்காது. அழுத்தத்தை எடுத்துவிட்டால் ஊசி வெளியே வந்து மறுபடி பூட்டிக்கொள்ளும்.

இதில் நேரம்தான் கழுத்தை நெரிக்கிறது. லிஃப்டர் கேமின் தாழ்ந்த பக்கத்தில் இருக்கும்போதுதான் ஊசி சுதந்திரமாக நகர முடியும். எஞ்சின் 2000 சுற்றில் ஓடும்போது கேம்ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்ற எடுப்பது 60 மில்லி விநாடி. அதில் பாதிச் சொச்சத்துக்குள் ஆயில் வந்து ஊசியைத் தள்ளி முடித்திருக்க வேண்டும். ஆயில் பழசாகிக் கெட்டியாகிவிட்டாலோ, பாதையில் கசடு படிந்தாலோ, ஆயில் அளவு குறைந்து அழுத்தம் தடுமாறினாலோ ஊசி பாதி வழியில் இருக்கும்போதே கேம் மேடு வந்து இடிக்கும். பாதி பூட்டிய ஊசியின் விளிம்பு அடிவாங்கும். ஒருமுறை அடிவாங்கினால் ஒன்றும் ஆகாது. வருடக்கணக்கில் அடிவாங்கினால் என்ன ஆகும் என்பதைப் பட்டறையில் பார்த்திருக்கிறேன். கழற்றிய லிஃப்டரை உள்ளங்கையில் வைத்து டார்ச் அடித்தால் ஊசியின் முனை மழுங்கியிருப்பது தெரியும். அடிச்சக்கரத்தில் பொடிப்பொடியாகக் குழி விழுந்திருக்கும். அது உருண்ட கேம் மேட்டின்மேல் நகத்தை வைத்து இழுத்தால் வழுவழுப்புக்குப் பதில் சொரசொரப்புத் தட்டும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றாமல் லிஃப்டரை வெளியே எடுக்க முடியாது. கேம்ஷாஃப்டும் மாற்ற வேண்டியிருந்தால் முன்பக்கம் முழுவதையும் பிரிக்க வேண்டும். செலவு சில ஆயிரம் டாலர். நண்பர்கள் பயமுறுத்துவதில் மிகை இல்லை.

ஆனால் டிசேபிளர் செருகினால் இந்த லிஃப்டர் மாறிவிடுகிறதா? இல்லை. அதே லிஃப்டர், அதே ஊசி, அதே சக்கரம் உள்ளேதான் இருக்கின்றன. கருவி செய்வதெல்லாம் கம்ப்யூட்டர் உத்தரவைத் தடுப்பது மட்டும்தான். ஊசி நகர்வது நின்றுவிடும். அதனால் வரும் தேய்மானம் நிற்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடிச்சக்கரம் ஆயில் இல்லாமல் தேய்வதை அது தடுக்காது. ஏற்கெனவே அடிவாங்கத் தொடங்கிய லிஃப்டரை அது காப்பாற்றாது. முழுவதும் விடுபட வேண்டுமென்றால் கேம்ஷாஃப்ட், லிஃப்டர்கள், மேற்பள்ளத்து மூடி எல்லாவற்றையும் மாற்றி, எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமையும் மாற்ற வேண்டும். நல்ல எஞ்சினைப் பிரித்து அதைச் செய்வதற்கு நான் யாருக்கும் யோசனை சொல்ல மாட்டேன். புரோகிராமில் கைவைத்தால் ஹாரிஸ், டாலஸ் மாதிரி புகைச் சோதனை உள்ள கவுன்டிகளில் தொல்லை வேறு வரும்.

இரண்டு வகையினர் நிறுத்தினால் நான் தடுக்க மாட்டேன். பழைய வண்டியை வாங்கி, முந்தைய சொந்தக்காரர் ஆயில் மாற்றினாரா இல்லையா என்பதே தெரியாமல், வாரன்டியும் முடிந்து ஓட்டுகிறவர்கள் ஒரு வகை. எப்போதும் டிரெய்லர் இழுத்துக்கொண்டே இருப்பவர்கள் இன்னொரு வகை. அவர்களுடைய எஞ்சின் பெரும்பாலும் எட்டிலேயேதான் ஓடும், அந்த ஏற்பாடு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். மற்றவர்கள் அவசரப்பட வேண்டாம்.

ஆயில் விஷயத்தில் மட்டும் நான் கறாராகப் பேசுவேன். இந்த எஞ்சினில் ஆயில் வழவழப்புக்கு மட்டும் அல்ல. பூட்டைத் திறக்கும் கையும் அதுதான். 2014 முதல் வந்த 5.3 எஞ்சினுக்கு 0டபிள்யூ-20, டெக்சோஸ் 1 தரச் சான்று உள்ள ஆயில், வடிகட்டியோடு 8 குவார்ட். அதற்கு முந்தைய தலைமுறைக்கு 5டபிள்யூ-30, 6 குவார்ட். கடைக்காரர் கையில் கிடைத்ததை ஊற்றினால் ஊற்றட்டும் என்று விட்டுவிடாதீர்கள். டேஷ்போர்டில் ஆயிலின் ஆயுள் 0 சதவீதம் என்று வரும்வரை காத்திருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். அது அனுமதிக்கப்பட்ட எல்லை. ஹூஸ்டன் வெயிலில், நிற்பதும் நகர்வதுமான 610 நெரிசலில், ஐந்து நிமிடப் பயணமாக மளிகைக்கும் பள்ளிக்கும் ஓடுகிற வண்டிக்கு 5000 மைலுக்கு ஒருமுறை மாற்றுவதே நல்லது என்பது என் அபிப்பிராயம். வருடத்துக்கு ஒரு முறை கூடுதல் செலவு ஆகும். மிச்சமாகும் 105 டாலரில் ஒரு பங்கு அதற்குப் போகும். லிஃப்டர் வேலையோடு ஒப்பிட்டால் அது செலவே இல்லை. இரண்டு முறை டேங்க் நிரப்பினால் ஒரு முறையாவது டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். குறைந்திருந்தால் ஊற்றுங்கள். எஞ்சின் ஆயில் குடிக்கிறது என்று தெரிந்தால் டீலரிடம் எழுத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். 5 வருடம் அல்லது 60,000 மைல் பவர்டிரெயின் வாரன்டி முடிவதற்குள் செய்யுங்கள்.

இடையில் ஒரு விஷயம். 6.2 லிட்டர் எஞ்சின் வைத்திருப்பவர்கள் இந்த லிஃப்டர் பிரச்சினையையும் 2025 ஏப்ரலில் வந்த ரீகாலையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். 2021 முதல் 2024 வரையிலான மாடல்களைத் திரும்ப அழைத்தது கிராங்க்ஷாஃப்ட், கனெக்டிங் ராடு குறைபாட்டுக்காக. லிஃப்டருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. உங்கள் வின் நம்பரைக் கொடுத்து டீலரிடம் கேட்டுவிடுங்கள். ரீகால் சோதனையில் தேறிய எஞ்சின்களுக்கு இனி 0டபிள்யூ-40 ஆயில்தான். மேலே நான் சொன்ன 0டபிள்யூ-20 அவற்றுக்குப் பொருந்தாது.

அடுத்தது கால். இந்த ஏற்பாடு இருந்தும் மைலேஜ் வரவில்லை என்பவர்களோடு வண்டியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். 2018 வரை வந்த சில்வராடோவில் டேஷ்போர்டின் நடுவில் மைலேஜ் காட்டும் பக்கத்தைத் திறந்தால் ஓரத்தில் வி8 அல்லது வி4 என்று எழுத்து வரும். 75 மைலில் போகும்போது வி4 வரும், சிறு மேம்பாலம் வந்தால் வி8 ஆகும், இறங்கும்போது வி4 வரும், முன்னால் போகிற வண்டியைப் பிடிக்க மிதித்தால் மறுபடி வி8. 65-க்கு இறக்கிச் சீராகப் பிடித்தால் அதே சாலையில் வி4 நீண்டநேரம் நிற்கும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 65-லிருந்து 75-க்குப் போனால் வேகம் 15 சதவீதம்தான் கூடுகிறது, காற்று எதிர்ப்போ 33 சதவீதம் கூடிவிடுகிறது. எதிர்க்காற்று 15 மைலில் அடிக்கிற நாளில் 65-இல் போனாலும் காற்றுக்கு நீங்கள் 80. ஆஸ்டினைத் தாண்டி 130-ஆம் நெடுஞ்சாலையில் 85 மைல் வரை போக அனுமதி உண்டு. நாட்டிலேயே அதிக வேக வரம்பு அதுதான். அங்கே அந்த வேகத்தில் நான்கு சிலிண்டர் போதும் என்று எந்த கம்ப்யூட்டரும் சொல்லாது.

வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட், மண்ணுக்கான பெரிய டயர், முன்னால் பெரிய இரும்புக் கம்பி எல்லாம் இதே கணக்கில்தான் சேரும். அழகுக்காக மாட்டுகிறவர்களை நான் தடுக்கவில்லை. ஆனால் அவை சுமையைக் கூட்டிக் கூட்டி, நான்கு சிலிண்டரில் ஓடும் வாய்ப்பையே இல்லாமல் செய்துவிடும் என்பதைத் தெரிந்துகொண்டு மாட்டுங்கள். டயரில் காற்றைக் கதவோரம் ஒட்டியுள்ள அளவுப்படி வைப்பதற்குக் காசு வேண்டாம்.

இந்த யோசனை புதிதும் அல்ல. நூறு வருடங்களுக்கு முன் அமெரிக்கப் பண்ணைகளில் தண்ணீர் இறைக்கவும் மாவரைக்கவும் வைத்திருந்த ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின்களைப் பழைய டிராக்டர் கண்காட்சிகளில் இன்றும் ஓட்டிக் காட்டுகிறார்கள். ஒருமுறை டப் என்று எரியும். பிறகு கனமான சக்கரம் பல சுற்றுகள் சும்மா சுழலும். வேகம் குறைந்ததும் மறுபடி ஒரு டப். தேவைப்படும்போது மட்டும் எரிவது என்பதுதான் அதன் விதி. 1973 எண்ணெய்த் தடைக்குப் பிறகு எரிபொருள் சிக்கனச் சட்டம் 1975-இல் வந்தது. அந்த நெருக்கடியில் காடிலாக் 1981-இல் எட்டு, ஆறு, நான்கு என்று மாறும் எஞ்சினைக் கொண்டுவந்தது. இயந்திரப் பகுதி தாங்கியது. அக்காலத்துக் கம்ப்யூட்டர்தான் ஈடுகொடுக்கவில்லை. வண்டி குலுங்கியது, மக்கள் டீலரிடம் போய் ஒயரைக் கழற்றிவிடச் சொன்னார்கள். அடுத்த வருடமே பெரும்பாலான மாடல்களிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். அமெரிக்க கம்பெனிகள் மறுபடி அதைத் தொடுவதற்கு இருபது வருடங்களுக்கு மேல் ஆயிற்று. 2004 வாக்கில் கிரைஸ்லரும் ஜெனரல் மோட்டார்ஸும் கொண்டுவந்தன. 2007 சில்வராடோவில் அது பிக்கப் வாங்கும் சாதாரண மக்களிடம் வந்து சேர்ந்தது.

2019-இல் வந்த மாற்றம் எனக்கு மிகவும் பிடித்தமானது. அதற்கு முன்பு சில்வராடோவில் எட்டு அல்லது நான்கு, நடுவில் எதுவும் கிடையாது. சான் ஹோசேவில் துலா டெக்னாலஜி என்ற நிறுவனத்தைத் தொடங்கிய ஆத்யா திரிபாதி அதற்கு முன்பு ஆடியோ ஆம்ப்ளிஃபையர் சிப்புகள் செய்த டிரைபாத் நிறுவனத்தைத் தொடங்கியவர். ஒலிச் சமிக்ஞையைத் துடிப்புகளாகப் பிரிக்கும் கணக்கை அவர் எஞ்சினுக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு சிலிண்டரின் முறை வரும்போதும் எரிப்பதா விடுவதா என்று தனித்தனியாகத் தீர்மானிப்பது. எரிகிறவற்றின் வரிசையை உடம்புக்கு உறுத்தாத அதிர்வாக அமைப்பது. ஜெனரல் மோட்டார்ஸ் இதை டைனமிக் ஃபியூயல் மேனேஜ்மென்ட் என்ற பெயரில் சில்வராடோவில் வைத்தது. 16 லிஃப்டர்களுமே பூட்டு உள்ளவை. 17 விதமான வரிசைகள். விநாடிக்கு 80 முறை முடிவெடுக்கிறது. பண்ணையில் டப் என்று எரிந்த அந்த எஞ்சினின் விதி எட்டு சிலிண்டருக்கும் வந்துவிட்டது. லிஃப்டரின் எண்ணிக்கை கூடியதால் ஆயிலின் பொறுப்பும் கூடிவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

"கவர்ன்மென்ட் சட்டத்துக்காக வச்சதுங்க, நமக்காக இல்ல" என்று ஒரு வாதம் அடிக்கடி கேட்கிறேன். இதுவரை அதில் உண்மை இருந்திருக்கலாம். ஆனால் 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம் எரிபொருள் சிக்கன விதியை மீறுவதற்கான அபராதத்தைப் பூஜ்யமாக்கிவிட்டது. இனி கம்பெனியைக் கட்டாயப்படுத்தும் குச்சி இல்லை. இந்த ஏற்பாடு அடுத்த தலைமுறை ட்ரக்கில் இருக்குமா, இன்னும் உறுதியான லிஃப்டரோடு வருமா, இல்லை 1981 போலவே எடுத்துவிடுவார்களா என்பதை வாங்குகிறவர்கள் டீலரிடம் என்ன கேட்கிறார்கள் என்பதே பெரிதும் தீர்மானிக்கும். நாம் எல்லோரும் முதல் வேலையாக அதை நிறுத்திவிட்டால், வாடிக்கையாளர்களுக்கு இது வேண்டாம் என்றுதான் அவர்கள் புரிந்துகொள்வார்கள். சிக்கனம் வேண்டும், ஆனால் ஒரு லட்சம் மைலுக்கு மேலும் தாங்கும் லிஃப்டரும் வேண்டும், அதற்கு நீண்ட வாரன்டியும் வேண்டும் என்று கேளுங்கள். புதிதாக வாங்க நினைப்பவர்கள் சில்வராடோவின் 2.7 லிட்டர் டர்போ நான்கு சிலிண்டரையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அதிலும் இரண்டு சிலிண்டர் ஓய்வெடுக்கிறது, ஆனால் ஊசிப் பூட்டுள்ள லிஃப்டர் இல்லை. கேம்ஷாஃப்டின் மேடுகளே பக்கவாட்டில் நகர்ந்து வேலையை முடிக்கின்றன. நம்மவர்களுக்கு வி8 மோகம் அதிகம். ஆனால் வீட்டுக்கும் ஆபீசுக்கும், மாதத்துக்கு ஒருமுறை ஹோம் டிப்போவுக்கும் போகிற வண்டிக்கு அது தாராளமாகப் போதும்.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முந்தின இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில், நீங்கள் நிற்கும்போது முதன்முறையாக ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே எஞ்சின் சூடாக இருந்தால் இன்னொரு நாள் வாருங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஓரிரு விநாடி டிக் டிக் வந்து நின்றால் பெரும்பாலும் பரவாயில்லை. நிற்காமல், எஞ்சின் வேகத்துக்குத் தக்கபடி தொடர்ந்தால் அந்த வண்டி வேண்டாம். ஆயில் மாற்றிய ரசீதுகளைக் கேளுங்கள், வாய்ப்பேச்சு போதாது. ஓபிடி துளையில் டிசேபிளர் செருகியிருந்தால் எப்போது செருகினார், ஏன் செருகினார் என்று கேளுங்கள்; சத்தம் வந்த பிறகு செருகியது என்றால் விலை பேசாமல் திரும்பிவிடுங்கள். ஏற்கெனவே உங்கள் வண்டியில் டிக் சத்தமும் செக் எஞ்சின் விளக்கும் சேர்ந்து வந்திருந்தால், சிலிண்டர் மிஸ்ஃபயர் என்று பிழைக் குறியீடும் காட்டினால், வார இறுதிவரை ஓட்டிப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். அந்த நிலையில் லிஃப்டர் மட்டும்தான் போயிருக்கலாம். தொடர்ந்து ஓட்டினால் கேம்ஷாஃப்டையும் கொண்டுபோகும். வண்டியை ஓரமாக நிறுத்தி, டோ ட்ரக்கை அழையுங்கள்.

அன்புடன்,
ஹூஸ்டனிலிருந்து உங்கள் நண்பன்